பெயரைத் தவிர எல்லாவற்றையும் சொல்லுங்கள்

எங்கள் ஊர்ப் பாடசாலையில் தரம் 10 படிக்கும் பிள்ளை ஒன்றுக்குக் காசநோய் என்று தெரியவந்து சில மாதங்கள் ஆகின்றன. பிள்ளைக்குச் சுகமாகி வருகிறது. வகுப்புப் பிள்ளைகளின் பரிசோதனைகளும் முடிந்துவிட்டன. ஊர் இப்போது வேறு கதைகளுக்குப் போய்விட்டது. ஆனால் அந்த இரண்டு மூன்று கிழமைகளில் நாங்கள் நடந்துகொண்ட விதம் என் மனதை விட்டுப் போகவில்லை. நாங்கள் என்று சொல்வது பெற்றோரையும் பாடசாலையையும் சுகாதாரப் பகுதியினரையும் சேர்த்துத்தான். பிள்ளையை அடையாளம் காட்டக்கூடிய எதையும் நான் எழுதப் போவதில்லை. ஊர், பரந்தன் – முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே திரும்புகிற ஏதோவொரு கிரவல் ரோட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். என் மகளும் அதே வகுப்பில் படிக்கிறாள் என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை சுகாதாரப் பகுதியினரின் வாகனம் பாடசாலைக்குள் வந்தது. தரம் 10 பிள்ளைகளை மட்டும் வரிசையாகக் கூப்பிட்டார்கள். இருமல் இருக்கிறதா, பின்னேரங்களில் காய்ச்சல் காய்கிறதா, இரவில் வியர்க்கிறதா, உடம்பு மெலிந்ததா என்று கேட்டு எழுதினார்கள். நிறை பார்த்தார்கள். முன்கையில் தோலுக்குக் கீழே சின்னதாக ஒரு ஊசி போட்டுவிட்டு, வியாழக்கிழமை திரும்ப வருவோம் என்று சொல்லிப் போனார்கள். பெற்றோருக்கு முன்கூட்டியே கடிதம் வந்திருந்தது உண்மைதான். மாணவர்களுக்கு மார்பு நோய்ப் பரிசோதனை நடைபெறும், சம்மதமெனில் கையொப்பமிடவும் என்று ஒரே ஒரு வசனம். பல் பரிசோதனைக்கும் கண் பரிசோதனைக்கும் வருகிற கடிதங்களைப் போலத்தான் இருந்தது. எல்லாரும் ஒப்பமிட்டுக் கொடுத்துவிட்டோம்.

மத்தியானத்துக்குள் வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்துவிட்டது. “பள்ளிக்கூடத்திலை ஏதோ தொற்று வருத்தமாம், பிள்ளையளுக்கு ஊசி போடுறாங்களாம், கெதியாப் போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ” என்று ஒரு பெண்குரல். பின்னேரம் அது கொரோனா திரும்பி வந்த கதையாகிவிட்டது. இரவு, சயரோகம், பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டது என்று வந்தது. அந்தப் பன்னிரண்டு எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. அடுத்த நாள் காலை வகுப்பில் பாதிக் கதிரைகள் வெறுமையாக இருந்தன.

அன்றே ஊர் ஆளைத் தேடத் தொடங்கியது. முதலில் கண்டுபிடித்தது பிழையான பிள்ளையை. வகுப்பில் ஒரு பெண்பிள்ளை மெலிந்த உடம்பு, அதற்கு முந்தைய மாதம் டெங்குவால் வைத்தியசாலையில் இருந்து வந்தவள். அவள்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவளின் வீட்டு ஒழுங்கையால் போவதைக்கூடச் சிலர் விட்டார்கள். அவளின் தாய், டெங்குவுக்கு வைத்தியசாலை கொடுத்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்கு முன்னால் நின்று, “பாருங்கோ, என்ரை பிள்ளைக்கு இதுதான் வந்தது” என்று ஒவ்வொருவருக்கும் காட்டினார். தன் பிள்ளையின் மருத்துவக் கடதாசியைத் தெருவில் காட்ட வேண்டிய நிலைக்கு ஒரு தாயைத் தள்ளியது யார் என்ற கேள்விக்கு இன்று வரை எங்கள் ஊரில் பதில் இல்லை. யாரும் போய் மன்னிப்புக் கேட்டதாகவும் நான் அறியவில்லை.

கையில் எழும்பிய தடிப்பு

அந்தக் கிழமை நடந்தவற்றில் எனக்கு அதிகம் கவலை தந்தது ஊசி விடயம். அதற்கு மன்ரூ பரிசோதனை என்று பெயர். அது தடுப்பூசி இல்லை, மருந்தும் இல்லை. காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்துச் சுத்திகரித்த புரதத்தை ஒரு துளியளவு தோலுக்குள் செலுத்துகிறார்கள். அதில் உயிருள்ள கிருமி எதுவும் கிடையாது. உடம்பு அந்தக் கிருமியை முன்பே சந்தித்திருந்தால், ஊசி போட்ட இடம் இரண்டு மூன்று நாட்களில் தடித்து எழும்பும். 48 மணித்தியாலத்திலிருந்து 72 மணித்தியாலத்துக்குள் தடிப்பின் அகலத்தை மில்லிமீற்றரில் அளக்க வேண்டும். அதனால்தான் செவ்வாய் போட்டுவிட்டு வியாழன் வருவோம் என்றார்கள். அந்த நேரம் தவறினால் போட்ட ஊசி வீண்.

புதன்கிழமை சில பிள்ளைகளின் கை சிவந்து தடித்திருந்தது. ஒரு தகப்பன் மகனின் கையைப் படமெடுத்துப் போட்டார். அதைப் பார்த்தவர்கள் ஊசியால் வருத்தம் வந்துவிட்டது என்றார்கள். தடித்த பிள்ளைகளுக்கெல்லாம் சயரோகம் என்றும் பரவியது. ஆனால் தடிப்பு என்றால் நோய் என்று பொருளில்லை. கிருமியை உடம்பு எங்கோ சந்தித்திருக்கிறது என்பதைத்தான் அது காட்டுகிறது. பிறந்தவுடன் வைத்தியசாலையை விட்டு வருமுன்னே எங்கள் பிள்ளைகளின் இடது புயத்தில் போடும் பி.சி.ஜி. ஊசியாலும் ஓரளவு தடிப்பு வரலாம். உலகத்தில் ஏறக்குறைய நான்கில் ஒருவரின் உடம்புக்குள் இந்தக் கிருமி ஏதோவொரு காலத்தில் புகுந்திருக்கிறது என்று உலக சுகாதார அமைப்பு கணிக்கிறது. அப்படிப் புகுந்தவர்களில் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது நோயாக மாறுகிறது. மற்றவர்களில் கிருமி அடங்கிக் கிடக்கும். அவர்கள் யாருக்கும் தொற்றவைக்க மாட்டார்கள். தடிப்பு பெரிதாக இருந்தால் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். நோய் இல்லாவிட்டாலும் தேவையென்று மருத்துவர் கருதினால், பிறகு நோயாக மாறாமலிருக்கச் சில மாதங்களுக்குக் குளிசை தருவார்கள். புதிதாகத் தொற்றியிருந்தால் இரண்டு மாதம் வரை ஊசியில் தெரியாமலும் போகலாம், அதனால் இன்னொருமுறையும் பார்ப்பார்கள். இவ்வளவுதான் விடயம். ஒரு பக்கக் கடிதத்தில் அடங்கும்.

அந்த ஒரு பக்கம் எங்களுக்கு வரவில்லை. அதனால் வியாழக்கிழமை அவர்கள் அளவெடுக்க வந்தபோது கையைக் காட்ட வேண்டிய பிள்ளைகளில் பலர் வீட்டில் இருந்தார்கள். பயத்தால் பிள்ளையை மறித்த பெற்றோர், தங்கள் பிள்ளைக்குத் தொற்றியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ளக் கிடைத்த வழியைத் தாங்களே மூடிவிட்டார்கள். பிறகு அவர்களுக்கெல்லாம் திரும்ப ஊசி போட வேண்டி வந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வாகனம் வருவதற்கு முன்பே அந்தப் பிள்ளை மருந்து தொடங்கி வீட்டில் இருந்தது. தொற்றுவதற்கு வாய்ப்பிருந்த காலம் அதற்கு முந்தைய கிழமைகள். அப்போது எல்லாரும் ஒரே வாங்கில் இருந்து படித்தார்கள், ஒருவருக்கும் எதுவும் தெரியாது. நாங்கள் பயந்து பிள்ளைகளை மறித்த நாட்கள், அந்த வகுப்பறையில் ஆபத்து விலகியிருந்த நாட்கள். எங்கள் வகுப்பறைகள் அரைச்சுவர் வைத்தவை, காற்று ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போகும். காற்றில் மிதந்து பரவுகிற இந்தக் கிருமிக்கு அப்படியான இடம் ஒத்துவராது. ஆனால் பாடசாலைக்குப் போகாத அதே பிள்ளைகள் பின்னேரம் நாலு பக்கமும் தகரம் அடைத்த ரியூசன் கொட்டிலுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். ரியூசனுக்கு மாதக்காசு கட்டியாயிற்று. அதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை, யோசிக்கும்படி யாரும் சொல்லவுமில்லை.

வேப்பிலை கட்டிய வாசல்

எங்கள் சனத்துக்குத் தொற்று வருத்தத்தோடு வாழத் தெரியாது என்று ஒரு உத்தியோகத்தர் என்னிடம் சலித்துக்கொண்டார். அதை நான் ஏற்கவில்லை. அம்மாள் வருத்தம் வந்த வீட்டை நினைத்துப் பாருங்கள். வாசலில் வேப்பிலை தொங்கும். அதைக் கண்டதும் வந்தவர் படலையடியில் நின்று கதைத்துவிட்டுப் போவார். அந்த வீட்டில் தாளிப்பு இல்லை, இறைச்சி மீன் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் இளநீர் கொண்டுவந்து வைப்பார். முன்பு அம்மாள் வந்து மாறியவர்களைத்தான் நோயாளியைப் பார்க்க விடுவார்கள். ஒருமுறை கொப்பளிப்பான் வந்தவருக்குத் திரும்ப வருவது அரிது என்பதை எங்கள் ஆச்சிமார் பார்த்துப் பார்த்துத் தெரிந்து வைத்திருந்தார்கள். தண்ணீர் வார்த்த பிறகு, வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்குப் பொங்கல் வைப்பதாக நேர்ந்துகொள்வார்கள். நோயாளி ஒதுங்கி இருப்பார், ஆனால் அவரை யாரும் ஒதுக்குவதில்லை.

2009இல் போர் முடிந்தபோது, இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாமிலும் இதைக் கண்டேன். இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட சனத்தை அந்த முகாம்களில் அடைத்து வைத்திருந்தார்கள். கொப்பளிப்பானும் செங்கண்மாரியும் பரவின. எங்கள் கூடார வரிசையில் ஒரு இளம் தாய்க்கு உடம்பு முழுக்கக் கொப்பளம், பக்கத்தில் கைக்குழந்தை. வேப்பங்கொப்பு ஒன்றை யாரோ எங்கிருந்தோ கொண்டுவந்து கூடாரத்தில் செருகினார்கள். பவுசர் தண்ணீருக்கு வரிசையில் நின்ற பெண்கள் அவளுக்கும் சேர்த்து ஒரு வாளி பிடித்து வந்தார்கள். குழந்தையை, முன்பு அம்மாள் வந்த ஒரு வயதான அம்மா வாங்கி வைத்திருந்தார். எல்லாம் இழந்து வந்த சனம் அது. போக வேறு இடமில்லாததால் அப்படி நடந்தார்கள் என்று சொல்லலாம். நான் அப்படி நினைக்கவில்லை. என்ன வருத்தம், எப்படித் தொற்றும், எத்தனை நாளில் மாறும், யார் கிட்டப் போகலாம் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. செய்ய வேண்டியது தெரிந்ததால் செய்தார்கள்.

காசநோய்க்கு அப்படி ஊருக்குள் ஒரு முறை இல்லை. 1882 மார்ச் 24ஆம் திகதி ரொபேர்ட் கொக் இதன் கிருமியைக் கண்டறிந்து அறிவித்தார். அதற்குப் பிறகும் அறுபது வருடங்களுக்கு மேல் இதை மாற்றக்கூடிய மருந்து கிடையாது. ஸ்ரெப்டோமைசின் 1940களில்தான் வந்தது. என் அம்மம்மாவின் காலத்தில் சயரோகம் என்றால் ஆள் போய்விடும் என்றுதான் பொருள். அந்த வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். அந்தப் பயத்துக்கு அன்று காரணம் இருந்தது. இன்று ஆறு மாதம் குளிசை குடித்தால் பெரும்பாலும் முழுதாக மாறுகிறது. முதல் இரண்டு மாதம் நான்கு வகை மருந்து, பிறகு நான்கு மாதம் இரண்டு வகை. அரசாங்கம் இலவசமாகவே தருகிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் மார்பு நோய் கிளினிக் இருக்கிறது. சரியாக மருந்து எடுத்தால் ஏறக்குறைய இரண்டு கிழமைகளில் மற்றவர்களுக்குத் தொற்றும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். மருந்து மாறிவிட்டது, பயம் அம்மம்மாவின் காலத்திலேயே நிற்கிறது.

அந்தப் பிள்ளையின் வீட்டிலிருந்து இரண்டு கடைகளுக்கு இடியப்பம் போகும். தாய் தனியாக நின்று பிள்ளைகளை வளர்க்கிற வீடு. இந்த நோய் சாப்பாட்டால் பரவாது, கோப்பையால் பரவாது, தண்ணீர்க் குழாயால் பரவாது. இருமும்போது காற்றில் கலக்கிற துணிக்கைகளை மூடிய இடத்தில் நெடுநேரம் சுவாசித்தால்தான் தொற்றும். ஆனாலும் பெயர் வெளியே வந்த அன்றே கடைக்காரர் இருவரும் இடியப்பத்தை நிறுத்திவிட்டார்கள். சத்தாகச் சாப்பிட வேண்டிய நோயாளி இருக்கிற வீட்டின் வருமானம் நின்றது.

மண்டபத்தில் ஒரு பின்னேரம்

அடுத்த கிழமை பெற்றோரைக் கூட்டினார்கள். அதிபர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், மார்பு நோய் கிளினிக்கிலிருந்து ஒரு பெண் மருத்துவர். மண்டபம் நிறைந்து வெளியிலும் சனம் நின்றது. பெற்றோர் கூட்டத்துக்கு வழமையாக வராத தகப்பன்மாரும் வந்திருந்தார்கள். அதிபர் வரவேற்புரையைத் தொடங்கவே விடவில்லை. “ஆர் அந்தப் பிள்ளை? பெயரைச் சொல்லுங்கோ. எங்கடை பிள்ளையளைக் காப்பாத்த எங்களுக்கு உரிமை இருக்கு” என்று ஒருவர் எழும்பினார். கைதட்டல். “அந்தப் பிள்ளையை வேறை பள்ளிக்கூடத்துக்கு மாத்துங்கோ” என்று இன்னொருவர். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சட்டம் பற்றி ஏதோ சொல்ல முயன்றார், யாரும் கேட்கவில்லை.

அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு வயிறு பிசைந்தது. அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் 2009இல் போரிலிருந்து தப்பி வந்து, ஓமந்தைப் படைச் சோதனைச்சாவடியில் வரிசையில் நின்று பெயர் பதிந்தவர்கள். பெயரைச் சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியாமல் நின்றவர்கள். இன்றைக்கும் யாராவது ஒரு படிவத்தோடு படலைக்கு வந்தால், என்னத்துக்கு எடுக்கிறியள் என்று கேட்கிற சனம் நாங்கள். அதற்கு எங்களுக்குக் காரணம் உண்டு. 2020இல் வவுனியா பம்பைமடுவிலும் முல்லைத்தீவு கேப்பாப்பிலவிலும் படைமுகாம்களில் தனிமைப்படுத்தல் நிலையங்களை அமைத்தபோது பக்கத்து ஊர்களிடம் யாரும் கேட்கவில்லை. 2021 மார்ச்சில், கொரோனாவால் இறந்தவர்களை இரணைதீவில் புதைக்கப்போவதாக அறிவித்தபோதும் தீவுச் சனத்திடம் கேட்கவில்லை. அவர்கள் போராடினார்கள், பிறகு அடக்கம் ஓட்டமாவடியில் நடந்தது. பெயர் எடுப்பவர்களின் முன்னால் அத்தனை தரம் நின்ற நாங்கள், ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையின் பெயரை மண்டபத்தில் வைத்துக் கேட்டுக் கைதட்டினோம். இதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

மருத்துவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். சத்தம் குறைந்த பிறகு ஒலிவாங்கியை வாங்கி, “பெயர் சொல்ல மாட்டன். இப்பவும் சொல்ல மாட்டன், பிறகும் சொல்ல மாட்டன். நாளைக்கு உங்கடை பிள்ளைக்கு வந்தாலும் இப்பிடித்தான் ஆருக்கும் சொல்லாமல் இருப்பன். வேறை என்ன வேணுமெண்டாலும் கேளுங்கோ, ஒண்டையும் மறைக்க மாட்டன்” என்றார்.

அதற்குப் பிறகு மண்டபத்தில் யாரும் பேசவில்லை. கேட்பதற்கு வேறு கேள்வி எவரிடமும் இருக்கவில்லை. எல்லாரும் ஒரே கேள்வியோடுதான் வந்திருந்தோம். பின்வரிசையில் இருந்த ஒரு தாய், கைக்குழந்தையோடு வந்தவர், மெதுவாகத்தான் கேட்டார். “டொக்டர், என்ரை மூத்தவன் அந்த வகுப்பு. வீட்டிலை இந்தச் சின்னன் இருக்கு. இதுக்கு வருமோ?” மருத்துவர் மேடையிலிருந்து இறங்கி அவரிடம் போனார். மூத்தவனுக்கு இருமலோ காய்ச்சலோ இல்லையென்றால் அவன் மூலம் தம்பிக்கு வராது என்றார். பி.சி.ஜி. போட்டதா என்று புயத்தைப் பார்த்தார். சின்னப் பிள்ளைகளின் மூளையைத் தாக்குகிற கொடிய காசநோயிலிருந்து அந்த ஊசி நல்ல பாதுகாப்புத் தரும் என்று விளக்கினார்.

அதற்குப் பிறகு கேள்விகள் வரத் தொடங்கின. ஒரே வாங்கில் இருந்தவனுக்கும் கடைசி வாங்கில் இருந்தவனுக்கும் வித்தியாசம் உண்டா? தண்ணீர்ப் போத்தலை மாறிக் குடித்தார்களே? அந்தப் பிள்ளை திரும்ப வரும்போது மாஸ்க் போடுமா? குளிசையால் சிறுநீர் சிவப்பாகப் போகுமாமே, அது இரத்தமா? அது ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம், பயப்பட ஒன்றுமில்லை என்றார். பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கேட்டார். பெரும்பாலும் நெடுநாள் இருமுகிற வளர்ந்தவர் ஒருவரிடமிருந்துதான் பிள்ளைகளுக்கு வருகிறது, அந்த வளர்ந்தவர் எந்த வீட்டிலும் இருக்கலாம் என்றார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்று எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். பெயரைக் கேட்டு முதலில் எழும்பியவரும் இரண்டு கேள்வி கேட்டார். அவரின் கேள்விகள் நல்ல கேள்விகள்.

கடைசியில் மருத்துவர், “இங்கை இரண்டு கிழமைக்கு மேலை இருமல் இருக்கிற ஆக்கள் கையை உயர்த்துங்கோ” என்றார். ஒரு கையும் எழும்பவில்லை. கூட்டம் முழுக்க இருமிக்கொண்டிருந்த ஒருவர் எனக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்தார். அவரும் உயர்த்தவில்லை. மருத்துவர் அவரைப் பார்க்காமலே, “சரி, நான் அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது. ஆருக்கும் முன்னாலை கை உயர்த்தத் தேவையில்லை. கிளினிக்குக்கு வந்து சளியைக் குடுத்தாச் சரி” என்று முடித்தார்.

இரண்டு நாள் கழித்து எங்கள் பக்கத்து வளவு அண்ணை வேலியடிக்கு வந்து என்னிடம் கேட்டார், “தங்கச்சி, இந்தச் சளிப் பரிசோதனையை வவுனியாவிலை போய்ச் செய்யேலாதோ? இங்கையெண்டா ஆரும் காணுங்கள்.” பக்கத்தில் கிளினிக் இருக்க, நெடுந்தூரம் பஸ்ஸில் போகத் தயாராக இருந்தார் அவர். மாதக்கணக்காக இருமிக்கொண்டிருந்தவர், சுருட்டு இருமல் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். ஊர் ஒரு பிள்ளையின் பெயரைத் தேடி அலைந்ததைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். போகலாம் அண்ணை, எங்கே போனாலும் பரவாயில்லை, போங்கோ என்றேன். போனார். அவருக்கு என்ன முடிவு வந்தது என்பதை நான் எழுத மாட்டேன்.

சொல்லக்கூடியவை நிறைய இருக்கின்றன

எனக்கு இருக்கிற மனக்குறை இதுதான். அந்த மருத்துவர் மண்டபத்தில் சொன்ன அத்தனையையும் செவ்வாய்க்கிழமைக்கு முன்பே சொல்லியிருக்கலாம். இன்ன வகுப்பில் ஒருவருக்குக் காசநோய் உறுதியாகியிருக்கிறது, அவர் மருந்து எடுக்கிறார், இப்போது பாடசாலைக்கு வருவதில்லை. ஒரே அறையில் நெடுநாள் இருந்த பிள்ளைகளைத்தான் பார்க்கப் போகிறோம். ஊசி இன்னது, கை தடிக்கலாம், தடித்தால் நோய் என்று இல்லை, வியாழக்கிழமை கட்டாயம் பிள்ளையை அனுப்புங்கள். சாப்பாட்டால் பரவாது. சந்தேகம் இருந்தால் இந்த இலக்கத்துக்கு எடுங்கள். இதில் எங்கேயும் பெயர் இல்லை. இவ்வளவும் கையில் இருந்திருந்தால் பெயர் தேவைப்பட்டிருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன். பிள்ளைக்கு ஆபத்தா என்று தெரியாத தாய், ஆபத்து யார் என்று தேடுவாள். வேறு எதுவும் அவள் கையில் இல்லை.

சொன்னால் சனம் பயப்படும் என்று பாடசாலைப் பக்கத்தில் ஒரு எண்ணம் இருக்கிறது. வன்னிச் சனத்தைப் பற்றி அப்படி நினைப்பது நியாயமில்லை. 1990களில் போர் நடந்துகொண்டிருந்தபோதே, போலியோ சொட்டு மருந்துக்காக இரண்டு தரப்பும் சண்டையை நிறுத்திய நாட்கள் இருந்தன. ஏன், எதற்கு, எந்த நாள் என்று முன்பே சொல்லப்பட்டது. தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து வாயைத் திறக்க வைத்தார்கள். மலேரியாவோடு ஒவ்வொரு வருடமும் மல்லுக்கட்டிய மண் இது. 2016இல் இலங்கை மலேரியா ஒழிந்த நாடாக அறிவிக்கப்பட்டதில், காய்ச்சல் என்றவுடன் இரத்தம் சோதிக்க விரலை நீட்டிய எங்கள் சனத்துக்கும் பங்கு உண்டு. சொன்னதைக் கேட்டு நடக்கிற சனம்தான்.

அந்தப் பிள்ளை, மருத்துவர் சொன்ன நாளில் துண்டோடு திரும்ப வந்தது. முதல் நாள் வாங்கில் தனியாக இருந்ததாக மகள் சொன்னாள். வகுப்பாசிரியை வழமையான இட ஒழுங்கில் எல்லாரையும் இருக்கச் சொன்னார், இருந்தார்கள். பிள்ளைகளுக்கு அது பெரிய காரியமாக இருக்கவில்லை. இடியப்பத்தை ஒரு கடைக்காரர் திரும்ப எடுக்கத் தொடங்கிவிட்டார். மற்றவர் இன்னும் எடுக்கவில்லை. அவர் கடையில் நான் சாமான் வாங்குவதில்லை. ஏன் என்று அவருக்குச் சொல்லியிருக்கிறேன்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் ஒரு மாதிரிக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். காசநோய்க்கு மட்டுமில்லை, கூவைக்கட்டு, சின்னமுத்து, செங்கண்மாரி, கண்நோய் எது வந்தாலும் அன்றைக்கே பெற்றோருக்குப் போக வேண்டிய கடிதம். என்ன நோய், எந்த வகுப்பு, எப்படித் தொற்றும், எப்படித் தொற்றாது, பிள்ளையை அனுப்பலாமா, எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும், யாரைக் கேட்கலாம் என்று இடம் விட்டு எழுதியிருக்கிறேன். பெயர் கேட்க வேண்டாம் என்று அடியில் ஒரு வரி. மருத்துவரிடம் காட்டித் திருத்தியும் வாங்கினேன். இது சுகாதாரப் பகுதியின் வேலை, பாடசாலை எழுதக்கூடாது என்று ஒருவர் மறுத்தார். அவர்கள் ஒப்பமிடட்டும், நாங்கள் கொண்டுபோய்க் கொடுப்போம் என்றேன். வருகிற கூட்டத்தில் திரும்ப எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் ஊர்ப் பாடசாலைகளில் இப்படியான கடிதம் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தால் ஒரு பிரதி அனுப்புங்கள், கூட்டத்துக்கு முன் எங்களுடையதோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்கிறேன்.